திறவுகோல் எவரிடம்?

கசகசா மணிகள் சில! ஒரு சிட்டிகை மணல்! ஓரிரு தலைமயிர்!

மருந்துக் குறிப்போ, மந்திரவாதி கேட்ட பொருள்களோ என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! இலண்டன் மாநகரிலே, 1844-ஆம் ஆண்டிலே, இத்தாலிய நாட்டு அகதி ஒருவன், தனக்கு மடல் தீட்டும் நண்பர்களிடம், உறைக்குள்ளே இட்டு அனுப்புமாறு கேட்டுக்கொண்ட பொருள்கள் இவை. மடல்கள் வந்தன. உறை கிழியவில்லை, அரக்கு முத்திரை குலையவில்லை. பிரித்துப் பார்த்தான். எழுத்து இருந்தது, கசகசா இல்லை! மணல் இல்லை! மயிர் இல்லை!

எவனோ பிரித்திருக்கிறான், படித்திருக்கிறான், படி எடுத்திருக்கிறான், பிறகு பக்குவமாக ஒட்டி, முத்திரையையும் முன்போலவே அமைத்து அனுப்பியிருக்கிறான். மேசைமீது உதிர்ந்த மணலை மட்டும் அவன் கவனிக்கவில்லை.

அந்த அகதிதான் மாஜினி. தமிழகத்து மேடைகளிலே பன்முறை ஒலித்த பெயர். சிதறிக் கிடந்த இத்தாலியை ஒரு நாடாக்கக் கனவு கண்டவன். 1833-லே பீட்மாண்ட் அரசு மரணதண்டனை விதித்த மாவீரன். 1837-லே இலண்டன் வந்து, வறுமையிலே உழன்று, தெருவிலே இசைப்பெட்டி சுழற்றிப் பிழைத்த இத்தாலியச் சிறுவர்க்குப் பள்ளி நடத்திய பண்பாளன். சுதந்திரத்தின் தொட்டில் என்று தன்னைத் தானே புகழ்ந்துகொண்ட பிரிட்டன், ஆஸ்திரியத் தூதரின் வேண்டுகோளுக்கிணங்க, அந்த ஏழை அகதியின் மடல்களை மாதக்கணக்கிலே பிரித்துப் படித்தது. ஆணையிட்டவர் உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரகாம்.

1844 ஜூனிலே, தாமஸ் டன்கோம்ப் என்ற உறுப்பினர் மக்கள் அவையிலே இதை எழுப்பினார். அமைச்சர் என்ன சொன்னார்? "எனக்கு அந்த அதிகாரம் சட்டப்படி உண்டு, அதற்குமேல் விளக்கம் தரமாட்டேன்" என்பதே அவர் கூற்றின் சாரம். நாடு கொதித்தது. அறிஞர் கார்லைல், மாஜினிக்காக டைம்ஸ் இதழுக்கு மடல் எழுதினார். பஞ்ச் இதழ் படம் தீட்டிப் பழித்தது. மக்கள் உறைகளின்மீது, "கிரகாம் செய்யலாகாது" என்று எழுதி அனுப்பினராம்! அமைச்சரின் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. அமைச்சர் பதவி ஏற்போர் பலர். இத்தகைய அழியாப் புகழ் எய்துவோர் சிலரே!

அந்த ஆண்டு ஜூலையிலே, பண்டியரா உடன்பிறப்பாளர் அத்திலியோ, எமிலியோ இருவரும், தோழர்களோடு தென்இத்தாலியிலே பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் மாஜினியோடு மடல் தொடர்பு கொண்டவர்கள். பிரிட்டிஷ் அஞ்சலகத்திலே திருடப்பட்ட செய்திதான் அவர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பியதா என்பது வரலாற்றாசிரியர்களிடையே வழக்காகவே நிற்கிறது. இங்ஙனம் ஒரு வழக்கு எழ இடமேற்பட்டதே, அதுதான் கறை. நாடாளுமன்றக் குழுக்கள் ஆராய்ந்தன; அஞ்சலகத்தின் மறைவறையும், மறைமொழி பிரிக்கும் பிரிவும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டன. ஆனால், மடலைப் பிரிக்கும் அதிகாரம்? அது ஏட்டிலே அப்படியே இருந்தது.

பழங்கதை எதற்கு என்பீர். 181 ஆண்டுகள் கழித்து, அதே நாட்டிலே, அதே உள்துறையின் அலுவலகத்திலிருந்து மற்றோர் ஆணை புறப்பட்டது. இம்முறை அஞ்சலகத்துக்கன்று, ஆப்பிள் நிறுவனத்துக்கு.

இன்று நம் மடல் அஞ்சற்பையிலே இல்லை. நிழற்படம், குறிப்பேடு, மருத்துவர் தந்த அறிக்கை, நிலப்பத்திரத்தின் நகல், மணமான புதிதிலே எழுதிய மடல், மறைந்த தாயின் குரல் எல்லாம் கையடக்கக் கருவியிலே பிறந்து, "மேகம்" என்னும் கிடங்கிலே குடியேறுகின்றன. மேகம் என்றால் வானத்திலே மிதப்பதன்று. எங்கோ ஓர் ஊரிலே, குளிரூட்டிய கட்டடத்திலே, வரிசை வரிசையாக நிற்கும் கணினிகள். அவை ஒரு நிறுவனத்தின் உடைமை. கவிஞர் கையாள வேண்டிய சொல்லை வணிகர் கைப்பற்றிக்கொண்டார்; கிடங்கு என்றிருந்தால், "கிடங்கின் சாவி எவரிடம்?" என்று கேட்கத் தோன்றியிருக்கும். மேகத்துக்கு ஏது சாவி!

சாவி உண்டு. பொதுவாக இக்கிடங்குகளிலே வைக்கப்படும் கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டே வைக்கப்படுகின்றன. திருடன் வட்டைத் தூக்கிச் சென்றால் படிக்க முடியாது. மெத்தச் சரி! ஆனால், மறையைப் பிரிக்கும் திறவுகோலும் அந்நிறுவனத்திடமே இருக்கிறது. பெட்டியை ஒப்படைத்தோம்; சாவியையும் சேர்த்தே ஒப்படைத்தோம். நிறுவனம் விரும்பினால் திறக்கலாம். ஊழியன் ஒருவன் நெறி தவறினால் திறக்கலாம். அரசு ஆணை காட்டினால் திறந்தே ஆகவேண்டும். நாம் அறிவோமா? அறியமாட்டோம். கசகசா மணிகளை எங்கே வைப்பது? எண்களாக உருமாறிய கோப்பு, படி எடுக்கப்பட்டபின்னும் முன்போலவே இருக்கிறது. ஒரு துகளும் உதிர்வதில்லை. மாஜினிக்கிருந்த சோதனை நமக்கில்லை!

எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் என ஆங்கிலத்திலே வழங்கும் முனைக்கு முனை மறையாக்கம் இந்நிலையை மாற்றுகிறது. கோப்பு, உரியவரின் கருவியிலேயே பூட்டப்படுகிறது. பூட்டியபின்னரே கிடங்குக்குச் செல்கிறது. திறவுகோல் கருவியைவிட்டு அகல்வதில்லை. கிடங்குக்காரனுக்குத் தெரிவதெல்லாம் பொருளற்ற எண்களின் குவியல். 256 இருமங்கள் கொண்ட திறவுகோலை ஊகித்துக் கண்டுபிடிக்க முனைவோன், 78 இலக்கங்கள் கொண்ட எண்ணளவு வாய்ப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். உலகத்துக் கணினிகளெல்லாம் ஒன்றுகூடினும் இயலாத காரியம். மன்னனின் முரசும் மாவீரரின் வாளும் ஒரு பெருக்கற் கணக்கின்முன் செயலற்று நிற்கும் காட்சி இது!

ஆப்பிள் நிறுவனம், "மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு" என்ற பெயரிலே இம்முறையைத் தன் ஐக்ளவுட் கிடங்கின் நிழற்படங்கள், குறிப்புகள், கருவியின் முழு நகல்கள் ஆகியவற்றுக்கு, 2022 டிசம்பரிலே அமெரிக்காவிலும் 2023 தொடக்கத்திலே பிற நாடுகளிலும் வழங்கியது. அதற்குமுன் 14 வகைத் தரவுகளுக்கே இருந்த இக்காப்பு 23 வகைகளுக்கு விரிந்தது. மின்னஞ்சல், முகவரிப் பட்டியல், நாட்காட்டி மூன்றும் இதற்குள் வாரா. வேண்டுவோர் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும். இயக்காதவர்க்குப் பழைய முறையேதான்.

2025 பிப்ரவரி 7-ஆம் நாள், வாஷிங்டன் போஸ்ட் இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. பிரிட்டிஷ் அரசு, 2016-ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரச் சட்டத்தின்கீழ், ஆப்பிளுக்கு ஓர் ஆணை அனுப்பியிருக்கிறது. முழுமையாக மறையாக்கப்பட்ட கோப்புகளையும் எடுத்துத்தரும் ஆற்றலை நிறுவனம் உண்டாக்கவேண்டும் என்கிறது. அதுவும் பிரிட்டனில் வாழ்வோர்க்கு மட்டுமன்று, உலகெங்குமுள்ள பயனர்களுக்கு என்பதே அச்செய்தி. அரசு, ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நிறுவனமோ சொல்ல இயலாத நிலை. இத்தகைய ஆணை பெற்றோர், பெற்றோம் என்பதையே வெளியிடலாகாது என்று சட்டம் வாயடைக்கிறது! பிப்ரவரி 21-ஆம் நாள், பிரிட்டனிலே இவ்வசதியை இனிப் புதிதாக எவர்க்கும் வழங்குவதற்கில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. கள்ளச்சாவி செய்து தருவதைவிடப் பூட்டையே விலக்கிக்கொள்வது மேல் என்பது அதன் முடிவு.

ஆப்பிளுக்கு ஆரத்தி எடுக்க இதை எழுதவில்லை. அந்நிறுவனமே, 2018-லே, சீனநாட்டுப் பயனர்களின் ஐக்ளவுட் கிடங்கைக் குய்சூ மாநில நிறுவனம் ஒன்றின் கையிலே ஒப்படைத்து, திறவுகோல்களையும் அந்நாட்டிலேயே வைத்தது. வணிகன் வீரனாவதும் உண்டு, விலைபார்த்து ஒதுங்குவதும் உண்டு. நம் கேள்வி நிறுவனத்தின் நேர்மை பற்றியதன்று. நேர்மையை நம்பி வாழவேண்டிய நிலையே ஏன் என்பதுதான்.

அறநெறிச் சிக்கல் ஒன்று இங்கே எழுகிறது. அதை மூடி மறைப்பது பகுத்தறிவாகாது. "ஐயா! சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாட்டிலே, நீதிபதியின் ஒப்புதலோடு, வீட்டைச் சோதிக்கலாம், பெட்டகத்தைத் திறக்கலாம். இதை எவரும் கொடுங்கோன்மை என்பதில்லை. அங்ஙனமிருக்க, எந்த நீதிபதியாலும் திறக்க முடியாத பெட்டி ஒன்று சமுதாயத்திலே இருக்கலாமா? தனிமனிதனைச் சட்டத்துக்கு மேலே நிறுத்துவதாகாதா?" என்று கேட்கின்றனர். கேலிக்குரிய கேள்வியன்று. நெடுநாள் என்னையே இக்கேள்வி தடுத்து நிறுத்தியதுண்டு.

விடை தேட, மாஜினிக்கும் முந்திச் செல்லவேண்டும். 1762 நவம்பரிலே, ஜான் என்டிக் என்ற எழுத்தாளன் வீட்டிலே மன்னரின் ஏவலர் நுழைந்தனர். அரசைச் சாடிய மானிட்டர் இதழிலே எழுதியவன் அவன். நான்கு மணிநேரம் பூட்டுகளை உடைத்தனர், பெட்டிகளைப் பிளந்தனர், ஏடுகளை வாரிக் கட்டினர். அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபுவின் ஆணை அவர்கள் கையிலே! என்டிக் வழக்குத் தொடுத்தான். 1765-லே தலைமை நீதிபதி கேம்டன் பிரபு தீர்ப்பளித்தார். அரசின் தேவை என்பது சட்டமாகாது. சட்டம் இடங்கொடுத்தாலன்றி எவன் வீட்டிலும் எவரும் கால்வைக்கலாகாது. ஒருவனுடைய ஏடுகள் அவனுக்கு மற்ற உடைமைகளினும் அருமையானவை. இதுவே தீர்ப்பின் உட்கிடை. 300 பவுன் இழப்பீடும் அவனுக்குக் கிடைத்தது.

என்டிக் எப்படி வழக்காட முடிந்தது? உடைந்த பூட்டைக் கண்டான்! காணாமற்போன ஏட்டைக் கண்டான்! ஏவலன் முகத்தைக் கண்டான்! அத்துமீறல் கண்ணுக்குத் தெரிந்தது; ஆகவே மன்றம் ஏற முடிந்தது. வீட்டைச் சோதிப்பதற்கும், ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரு சாவியை முன்கூட்டியே செய்துவைப்பதற்கும் உள்ள வேற்றுமை இதுதான். முன்னது ஒரு வீட்டின்மீது, ஒரு நாளிலே, ஒரு காரணத்துக்காக, ஊரறிய நடப்பது. பின்னது, குற்றம் புரியாத கோடிக்கணக்கானோரின் கதவுகளை, எந்தக் காரணமும் எழுவதற்கு முன்னரே, அவர் அறியாமலே, உள்ளிருந்து தளர்த்தி வைப்பது. நீதிபதியின் ஒப்புதல் இரண்டாவது செயலிலே வேண்டியதே; ஆனால் அவர் கையெழுத்திடும்போது கதவு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. இட மறுத்தாலும் அது தளர்ந்தேயிருக்கும்.

தளர்ந்த கதவு, நல்லவர் வருகைக்கென்றே காத்திருக்குமா? கிரீஸ் நாட்டிலே நடந்தது கேளுங்கள். ஏதென்ஸ் ஒலிம்பிக் விழா நிகழ்ந்த 2004-ஆம் ஆண்டு முதல் 2005 மார்ச் வரை, வோடபோன் நிறுவனத்தின் இணைப்பகங்களிலே எவரோ புகுந்து, பிரதமர் கரமன்லிஸ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் பேச்சை ஒட்டுக்கேட்டனர். எங்ஙனம்? காவல் துறை சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கெனவே அந்த இணைப்பகங்களிலே அமைந்திருந்த வசதியைக் கள்வர் இயக்கினர்! நாட்டைக் காக்கப் பொருத்திய செவி, நாட்டின் பிரதமரையே காட்டிக்கொடுத்தது.

அது சிறிய நாடு என்பரோ? அமெரிக்காவைப் பாருங்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொலைபேசி நிறுவனங்கள் அரசின் ஒட்டுக்கேட்புக்கு வழி வைத்திருக்கவேண்டும். 2024-லே, சால்ட் டைபூன் என்று பெயரிடப்பட்ட சீன ஊடுருவலாளர், அந்நாட்டின் மாபெரும் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்தபோது, நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்புகளையும் எட்டிவிட்டனர் என்று தெரியவந்தது. டிசம்பரிலே அமெரிக்க அரசின் அலுவலர்களே குடிமக்களுக்கு என்ன அறிவுரை தந்தனர் தெரியுமா? மறையாக்கம் செய்யப்பட்ட செய்தித்தொடர்பைப் பயன்படுத்துங்கள் என்று! ஆண்டாண்டு காலமாக மறையாக்கத்தை மாயாவியாகச் சித்திரித்த மாளிகையிலிருந்து வந்த மொழி அது. அடுத்த இரண்டு திங்களுக்குள்ளேதான் பிரிட்டனின் செய்தி வெளியாயிற்று.

ஆனால், குழந்தைகள்?

இங்கே குரல் தாழ்கிறது; தாழவே வேண்டும். சிறார்மீது இழைக்கப்படும் கொடுமைகளைப் படம்பிடித்துப் பரப்பும் கயவர் உள்ளனர். காணாமற்போன, சுரண்டப்படும் சிறார்க்கான அமெரிக்கத் தேசிய மையத்துக்கு, 2023-ஆம் ஆண்டிலே மட்டும் 3 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்தன. அவற்றிலே பெரும்பகுதி, நிறுவனங்கள் தம் கிடங்கிலும் தளத்திலும் கண்டு அனுப்பியவை. கிடங்குக்காரன் பார்க்க முடியாதபோது, இவ்வறிக்கைகளிலே ஒரு பங்கு இல்லாமற்போகும். இதை மறுப்பவர் நேர்மையற்றவர். எங்கோ ஒரு சிறுமியின் துயரம், கண்டிருக்கக்கூடியது, காணப்படாமற்போகலாம். "தனிமை" என்ற சொல்லைத் தலைமேல் தூக்கிக் கூத்தாடுவோர், அந்தச் சிறுமியின் முன்னே நின்று ஒருமுறை அதைச் சொல்லிப் பார்க்கட்டும், நா எழாது.

ஆப்பிள் நிறுவனம், 2021 ஆகஸ்டிலே ஒரு நடுவழி காண முயன்றது. கிடங்குக்குச் செல்லுமுன், கருவியிலேயே ஒவ்வொரு படத்தையும் அறியப்பட்ட கொடுமைப் படங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டம். அறிஞர்கள் எதிர்த்தனர். இன்று அந்தப் பட்டியல். நாளை எந்த அரசு, எந்தப் பட்டியலைத் திணிக்கும்? தடைசெய்யப்பட்ட கொடியின் படம், கிளர்ச்சித் தலைவனின் படம், சிறையில் மடிந்தவனின் படம்! நிறுவனம் தயங்கியது, 2022 டிசம்பரிலே கைவிட்டது. வீட்டுக்குள்ளேயே ஒரு காவலனைக் குடியமர்த்திவிட்டு, வீடு உன்னுடையதே என்பது போன்ற திட்டம் அது.

காணும் கண் தவறும் என்பதற்கும் சான்று உண்டு. 2021-லே சான்பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, நோயுற்ற தன் சிறுமகனின் உடலை, மருத்துவருக்குக் காட்டுவதற்காகக் கருவியிலே படமெடுத்தார். கூகுள் கிடங்கின் கணிப்பொறிக்கண் அதைக் கண்டது, கயமை என்றது, கணக்கை முடக்கியது, காவல் துறை ஆராய்ந்து குற்றமில்லை என்று முடித்தது. ஆயினும் கணக்கு மீளவில்லை. ஆண்டுக்கணக்கிலே சேர்த்த மடலும் படமும் மீளவில்லை. ஒரு தவற்றைக் காட்டி முழு முயற்சியையும் இகழ நான் முனையவில்லை. மகனின் நோய்க்கு மருந்து தேடிய தந்தை, மன்றமே ஏறாமல், முகமற்ற ஒன்றிடம் தண்டனை பெற்றதைத்தான் சுட்டுகிறேன்.

என் தீர்ப்பு என்ன? கயவனைப் பிடிக்க வழிகள் உள்ளன. அவை கடினமானவை, செலவு மிக்கவை, ஆள்வலிமை வேண்டுபவை. ஐயத்துக்குரியவனின் கருவியைக் கைப்பற்றலாம். பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், திறவுகோலைத் தா என்று அவனுக்கே ஆணையிட இடந்தருகிறது. மறுப்போனுக்கு இரண்டாண்டுச் சிறை, நாட்டுப் பாதுகாப்போ சிறார்க் கொடுமையோ தொடர்புடையதாயின் ஐந்தாண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒருவன் கருவிக்குள்ளேயே ஊடுருவவும் அனுமதிக்கிறது. என்க்ரோசாட் என்ற மறையாக்கக் கைப்பேசி வலையைப் பிரெஞ்சு, டச்சுக் காவலர் ஊடுருவியதன் விளைவாக, பிரிட்டனிலே 746 பேர் பிடிபட்டனர் என்று 2020 ஜூலையிலே அறிவித்தனர். (அந்த ஊடுருவலும், வலையிலிருந்த எல்லோர் கருவியையும் தொட்டது, அதைப் பற்றியும் வழக்குகள் எழுந்தன. தூய கை எவர்க்குமில்லை!) ஆகவே, காவலன் குருடனாகிவிடுவான் என்பது மிகை. ஊரையே கண்ணாடிக் கூண்டாக்கும் எளிய வழி அவனுக்கு மறுக்கப்படுகிறது, அவ்வளவே. அந்த மறுப்பினால் சில வழக்குகள் தோற்கும். அவ்விலையை அறிந்தே, கூசியே, கொடுக்கவேண்டும் என்கிறேன்.

அதுவுமன்றி, பூட்டை விலக்கியதால் தோற்றவர் யார்? கயவன், இணையத்திலே இலவசமாகக் கிடைக்கும் வேறு மறையாக்க நிரலை எடுத்துக்கொள்வான். கணக்கு, நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்படாது. ஒருமுறை உலகறிந்த பின் அதைத் திரும்பப் பெற முடியாது. நிரல் தேடத் தெரியாத செவிலி, கடைக்காரர், கணவனின் கொடுமைக்கஞ்சி ஓடிவந்த பெண், தாயகத்துக் கொடுங்கோலனிடமிருந்து தப்பி வந்து இலண்டனிலே ஒண்டிக்கிடக்கும் இன்றைய மாஜினி, இவர்கள்தாம் பூட்டிழந்தோர்.

மறையாக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடவும் கூடாது. 2024-லே சூரிச் நகரத்து ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர், முனைக்கு முனை மறையாக்கம் தருகிறோம் என்று விளம்பரம் செய்த ஐந்து கிடங்குச் சேவைகளை ஆராய்ந்தனர். ஐந்திலும் குறை கண்டனர். சிலவற்றிலே, கிடங்கைக் கைப்பற்றியவன் கோப்புகளை மாற்றவும், தன் கோப்பைப் புகுத்தவும், சிலபோது படிக்கவும் முடியும் என்று காட்டினர். "எங்களை நம்புங்கள்" என்று எழுதிய பலகைக்குப் பின்னே ஓட்டைச் சுவர்! 1883-லேயே கெர்க்காப்ஸ் என்ற அறிஞர், போர்க்கால மறைமொழிகளைப் பற்றி எழுதியபோது ஒரு நெறி வகுத்தார்: அமைப்பு முழுதும் பகைவன் கையிலே சிக்கினும் தீங்கு நேரலாகாது, திறவுகோல் ஒன்றே மறைவாயிருந்தால் போதும் என்பது அது. பூட்டின் அமைப்பை ஊரறிய விரித்துவை, சோதிக்க விடு, சோதனையிலே தேறினால் ஏற்றுக்கொள். "எம் மறை எமக்கு மட்டுமே, நீ நம்பு, வினவாதே" என்பவன் பூட்டுக்காரனாயினும் பூசாரியாயினும், விலக்கத்தக்கவனே. மறையாக்க அறிவியல் வளர்ந்தது ஐயுறுவோரால், அடிபணிந்தோரால் அன்று.

மற்றொரு மறுப்பு உண்டு. அது அரசிடமிருந்து வருவதன்று, வீட்டிலிருந்து வருவது. திறவுகோல் என்னிடமே இருந்து, நான் தொலைத்துவிட்டால்? தொலைந்தது தொலைந்ததுதான். ஆப்பிளின் இம்முறையிலே, 28 எழுத்துகள் கொண்ட மீட்புக் குறியை எழுதிவைக்கலாம். நம்பிக்கைக்குரிய ஒருவரை மீட்புத் துணையாக அமர்த்தலாம். எல்லாம் தவறினால், நிறுவனத்தின் வாயிலிலே நின்று கதறினும் பயனில்லை. திறக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. மறதி மிகுந்த முதியவர்க்கு, தனித்து வாழ்வோர்க்கு இது சிறு துன்பமன்று. பேரப்பிள்ளையின் படங்கள் முழுதும் ஒரு துண்டுத்தாளோடு போய்விடக்கூடும். எல்லோரும் இதை மேற்கொள்ளவேண்டும் என்று நான் வற்புறுத்தேன். தன் திறவுகோலைத் தான் நம்பும் நிறுவனத்திடம் தெரிந்தே ஒப்படைப்பவன் அடிமையல்லன்.

தெரிந்தே என்பதுதான் உயிர்ச்சொல். ஒப்படைப்பதற்கும் பறிகொடுப்பதற்கும் இடையே ஒரு கடல் கிடக்கிறது. "உன் நன்மைக்காகவே உன் சாவியை நான் வைத்திருக்கிறேன்" என்ற சொல்லை மனிதகுலம் கேட்டுப் பழகியிருக்கிறது. மனைவியிடம் கணவன் சொன்னான். குடியானவனிடம் பண்ணையார் சொன்னார். குடியேற்ற நாட்டிடம் பேரரசு சொன்னது. சொன்னவரிலே நல்லவரும் இருந்தனர். நல்லவர் என்பதாலே அந்நிலை நல்லதாகிவிடவில்லை. ஆண்டையின் கருணையிலே வாழ்பவன் அன்றாடம் அடிபடாமலிருக்கலாம். ஆயினும் நாளைய பொழுது ஆண்டையின் மனநிலையிலே தொங்குகிறது. சுயமரியாதை என்று நாம் சொல்லுவது, அடிபடாமையை மட்டுமா?

"மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லையே" என்பார் ஒரு நண்பர். பெரும்பாலும் நல்ல வேலை, நல்ல உடல்நலம், பெரும்பான்மைக் கருத்து மூன்றும் உடையவர்தாம் இதைச் சொல்கிறார். மாஜினியிடமும் பிரிட்டிஷ் சட்டப்படி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் அந்நாட்டிலே குற்றமேதும் புரியவில்லை. அவன் மடலிலே இருந்தது வேறொரு நாட்டின் விடுதலை. ஒரு காலத்துக் குற்றம், மறுகாலத்துச் சிலையாகிறது. இடைப்பட்ட காலத்திலே அவன் எழுதியதை எவர் படித்தார் என்பதைப் பொறுத்தே, சிலையா சவக்குழியா என்பது அமைகிறது.

பிரிட்டனிலே பிறகு நடந்ததையும் கூறிவிடுகிறேன். ஆப்பிள், புலனாய்வு அதிகாரத் தீர்ப்பாயத்திலே முறையிட்டது. வழக்கு நடக்கிறது என்ற செய்தியே வெளிவரலாகாது என்று உள்துறை வாதாடியது. 2025 ஏப்ரல் 7-ஆம் நாள் தீர்ப்பாயம் அதை மறுத்தது. வழக்கின் பெயரேனும் வெளிச்சம் கண்டது. ஆகஸ்டிலே, அமெரிக்காவின் தேசியப் புலனாய்வு இயக்குநர் துளசி கப்பார்டு, பிரிட்டன் தன் ஆணையைக் கைவிட இசைந்துவிட்டது என்று அறிவித்தார். அக்டோபரிலே வேறு செய்தி வந்தது: பிரிட்டிஷ் பயனர்களின் கோப்புகளை மட்டும் குறித்து, செப்டம்பரிலேயே புதியதோர் ஆணை பிறந்திருக்கிறது என்று. அயல்நாட்டார் தப்பினர், சொந்தக் குடிமக்கள் அகப்பட்டனர்! கிரகாம், அயல்நாட்டான் மடலைப் பிரித்தற்காகப் பழிக்கப்பட்டார். அவர்வழி வந்தோர் அப்பழியை நேர்மாறாகத் துடைத்துக்கொண்டனர்.

2025 பிப்ரவரி 21-க்குப் பின், பிரிட்டனிலே தன் கருவியைத் திறந்து, அந்தக் காப்பை இயக்க முயன்ற புதியவர்க்கு, இந்நாட்டிலே இதனை இனி வழங்குவதற்கில்லை என்ற அறிவிப்பு மட்டுமே கிட்டியது. எவர் ஆணையால் என்று அதிலே இல்லை. சொல்வதற்குச் சட்டம் இடந்தரவில்லை.